வெள்ளைத்துணி வரிசைகள்

இடம் ஒன்று, ஆட்கள் மூன்று பேர். விவசாயக் கல்லூரியில் பட்டம் வாங்கிவிட்டு, மாதப் படி வாங்கும் தற்காலிக ஆராய்ச்சி மாணவர்களாக இருந்த எங்கள் மூவரையும் ஆபீசர் தம் அறைக்குக் கூப்பிட்டு, தட்டச்சு செய்த தாள் ஒன்றைப் படித்துக் காட்டினார். சீமையிலிருந்து பயிர் நோய் விஞ்ஞானி ஒருவர் வரப்போகிற குளிர்காலத்தில் மாகாணத்தைச் சுற்றிப் பார்க்க வருகிறார். திரும்பும்போது பட்டதாரி ஒருவனைத் தம்முடைய ஆராய்ச்சி நிலையத்துக்கு இரண்டு வருஷம் அழைத்துப் போவார். மார்க்கையோ சிபாரிசையோ பார்க்க மாட்டார். ஒவ்வொருவரும் நடத்துகிற வயல் சோதனையை நேரில் பார்த்து முடிவு செய்வார். தாளில் அவ்வளவுதான் இருந்தது. தேர்வாகாதவர்களுக்குப் பங்குனியோடு படி நின்றுவிடும் என்பதை ஆபீசர் தாளைப் பார்க்காமலே சொன்னார்.

யுத்தம் தொடங்குவதற்கு முந்தைய வருஷம் அது. எனக்கு வயது இருபத்து மூன்று. மற்ற இருவரில் ஒருவனுக்கு நெல், ஒருவனுக்குப் பருத்தி. இரண்டும் சர்க்கார் பண்ணையில், முள்வேலிக்குள், காவல்காரன் பார்வையில் விளைந்தன. எனக்குக் கொடுக்கப்பட்டது வெற்றிலைக் கொடியின் வாடல் நோய். பண்ணையில் வெற்றிலை கிடையாது. ஆகையால் சோழவந்தானில், வைகைக் கால்வாய் ஓரமாக, விவசாயிகளின் கொடிக்கால் ஒன்றையே நான் சோதனைக்கூடமாக வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

கொடிக்காலைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. அகத்தியை நெருக்கமாக வரிசை பிடித்து வளர்த்து, அதன்மேல் வெற்றிலைக் கொடியை ஏற்றிவிடுவார்கள். இரண்டு வரிசைக்கு நடுவே தண்ணீர் நிற்கிற பள்ளம் ஓடும். மேலே அகத்தித் தழை மூடியிருப்பதால் உள்ளே உச்சிவேளையிலும் பிழிந்த துணி போன்ற ஈரமும் மங்கிய வெளிச்சமும்தான். செருப்புக் காலோடு யாரும் நுழைவதில்லை. நான் போன கொடிக்காலில் இருபத்து நாலு வரிசை. பங்குதாரர்கள் பன்னிரண்டு பேர், ஆளுக்கு இரண்டு வரிசை. தண்ணீர் விடுவதையும் எரு போடுவதையும் மேற்பார்க்கிற பொறுப்பு வருஷத்துக்கு ஒருவர் என்று முறை மாறும். அந்த வருஷத்து முறைக்காரர் நாற்பது வயதுக்காரர். குரலை உயர்த்தாதவர். சொன்னதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொள்வார்.

சோதனையின் திட்டம் எளிது. மயில்துத்தம் என்ற நீலநிறச் செம்பு உப்பையும் சுண்ணாம்பையும் கரைத்த கலவையை மாதம் ஒரு தடவை கொடியின் அடியில் ஊற்ற வேண்டும். இலையை மனிதர்கள் வாயில் போடுகிறார்கள் என்பதால் தெளிக்கக் கூடாது, வேருக்கு மட்டும். பன்னிரண்டு வரிசைக்கு மருந்து, பன்னிரண்டு வரிசைக்கு ஒன்றுமில்லை. மழைக்காலம் முடிகிறபோது இரண்டிலும் செத்த கொடிகளை எண்ணி ஒப்பிட்டால் மருந்து வேலை செய்கிறதா என்று தெரிந்துவிடும். எந்த வரிசைக்கு மருந்து என்பதை நான் தேர்ந்தெடுக்கக் கூடாது. நல்ல வரிசைகளாகப் பார்த்து மருந்துக்கு ஒதுக்கிவிட்டேன் என்று யாரும் சொல்ல முடியாதபடி, குலுக்கிப் போட்டு எடுக்க வேண்டும். இது அப்போது புது முறை. எங்கள் ஆபீசருக்கே அதில் முழு நம்பிக்கை கிடையாது. வரப்போகிற விஞ்ஞானியோ இதைச் செய்யாத சோதனையைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

பங்குதாரர்களுக்கு இதை எப்படிப் புரியவைப்பது என்று ரயிலில் யோசித்துக்கொண்டே போனேன். யோசனை வீண்.

"திருவுளச் சீட்டுத்தான தம்பி," என்றார் முறைக்காரர். "நட்டவுடனே யாருக்கு எந்த வரிசைன்னு நாங்களும் அப்படித்தான் எடுப்போம்."

இருபத்து நாலு துண்டுச் சீட்டை ஒரு கலயத்தில் போட்டுக் குலுக்கி எடுத்தோம். மருந்து விழுந்த வரிசையின் முதல் அகத்தியில் சிவப்புத் துணி, மற்றதில் வெள்ளைத் துணி கட்டினேன். பங்குதாரர்களில் ஒருவருக்கு இரண்டு வரிசையுமே வெள்ளையாக விழுந்தது. ஒல்லியான ஆள். எதையும் வேடிக்கையாகவே பேசுவார்.

"எனக்கு எப்பவும் வெள்ளதான்," என்றார் அவர். "பொண்ணு பார்த்தப்ப கோயில்ல பூக்கட்டிப் போட்டுப் பார்த்தோம். வெள்ளப் பூ வந்தா வேணாம்னு பேச்சு. வெள்ளதான் வந்துச்சு."

"பெறகு?"

"பெறகென்ன, வீட்ல இருக்கா. மூணு பிள்ளைக."

"அப்ப சாமி சொன்னத மீறின ஆளு நீ, மாப்ள," என்றார் இன்னொருவர். "இந்தச் சீட்டையாச்சும் மதிச்சு நட."

எல்லோரும் சிரித்தார்கள். முறைக்காரர் மட்டும் துணிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். "செகப்புக்கு இன்னைக்கு ஊத்துறோம். வெள்ளைக்கு எப்ப ஊத்துறது?"

"வெள்ளைக்கு ஊத்துறதில்லண்ணே."

"கடைசி வரைக்குமா?"

"கடைசி வரைக்கும். அப்பத்தான் மருந்து பலிக்குதா இல்லையான்னு தெரியும்."

"செகப்பப் பார்த்தாலே தெரியாதா?"

நான் விளக்கினேன். மருந்து போடாத கொடியும் பிழைத்துக்கொண்டால், போட்ட கொடி மருந்தினால்தான் பிழைத்தது என்று எப்படிச் சொல்வது என்பதை மூன்று விதமாகச் சொன்னேன். மூன்றுக்கும் தலையாட்டினார்கள். புரிந்தது என்பதற்கும் சம்மதம் என்பதற்கும் சேர்த்து ஆட்டியதாக நான் எடுத்துக்கொண்டேன்.

சீமைக்குப் போகிற இடத்தைப் பற்றி மட்டும் அவர்களிடம் நான் சொல்லவில்லை. மருந்து, நோய், கொடி என்று மட்டும் பேசினேன். எனக்கு இதில் ஒரு லாபம் இருக்கிறது என்று தெரிந்தால் மரியாதை குறைந்துவிடும் என்று நினைத்திருப்பேன்.

கலவை தயாரிப்பது என் வேலை. இரும்புப் பாத்திரம் ஆகாது என்பதால் இரண்டு பெரிய மண்தாழிகள் வாங்கி வைத்திருந்தேன். கரைத்து முடித்ததும் பளபளப்பான கத்தியை அதில் நனைத்து எடுக்க வேண்டும். கத்தியில் செம்பு படிந்து சிவந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று அர்த்தம். அப்படியே ஊற்றினால் வேரைப் பொசுக்கிவிடும். கத்தி வெள்ளையாகவே வரும்வரை சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். இந்தக் கத்திப் பரீட்சை அவர்களுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. இரண்டாவது தடவையே முறைக்காரர் என்னைவிடச் சரியாகச் செய்தார்.

ஊற்றுவது அவர்கள் வேலை. கொடி ஒன்றுக்கு ஒரு சிறு கலயம். ஆரம்பித்தால் பொழுது சாயும் வரை பிடிக்கும். நான் முதல் இரண்டு வரிசை ஊற்றி முடிகிறவரை நின்று பார்ப்பேன். அளவு சரியாக இருக்கும். நாலு மணி வண்டிக்குக் கிளம்பிவிடுவேன். மதுரையில் ஒரு வாரப் பத்திரிகைக்குப் பயிர்க் குறிப்பு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அதை அன்று மாலை அச்சகத்தில் சேர்க்க வேண்டும். பெயர் போடாமல் வருகிற அரைப் பத்தி அது. அதற்காகத்தான் ஒவ்வொரு தடவையும் கிளம்பினேன். மருந்து ஊற்றிய நாட்கள் நாலு. அத்தனை நாளும் நாலு மணி வண்டி.

புரட்டாசிக் கடைசியில் முதல் மருந்து. ஐப்பசியில் மழை பிடித்தது. மழையோடு நோயும் வந்தது.

அது வருகிற விதத்தைப் பலமுறை குறித்து வைத்திருக்கிறேன். முதல் நாள் இலையில் பளபளப்புப் போகும். வேறு ஒன்றும் தெரியாது. இரண்டாம் நாள் இலை சூடுபட்டதுபோல் துவளும். மூன்றாம் நாள் கொடி முழுவதும் அகத்தியிலிருந்து தொங்கும். அடியில் விரலால் சுரண்டினால் தோல் கழன்று வரும். உள்ளே பழுப்பு, அழுகின மீன் வாடை. ஒரு கொடிக்கு வந்தால் பக்கத்துக் கொடிக்குத் தண்ணீர் வழியாகப் போகும். நல்ல கொடிக்கால் ஒன்று ஒரே மழைக்காலத்தில் வெறும் அகத்தித் தோப்பாகிவிடும். மறுபடி நட்டு, இலை கிள்ள ஆரம்பிக்கிற வரை அந்தக் குடும்பங்களுக்கு வேறு பிழைப்பில்லை.

ஐப்பசி முடிவில் எண்ணினேன். சிவப்பு வரிசைகளில் விழுந்த கொடிகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். வெள்ளை வரிசைகளில் அதைப்போல் நாலு மடங்கு இருந்தது. வேடிக்கைக்காரரின் இரண்டு வரிசைகளும்தான் அதிகமாக அடிபட்டிருந்தன. அவர் செத்த கொடிகளைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு என் பின்னாலேயே வந்தார்.

"என் வரிசைக்கு எம்புட்டு எழுதியிருக்கீக?"

சொன்னேன்.

"ஒண்ணு கூட இருக்கு. அந்தா, மூலையில. நேத்து விழுந்தது. அதையும் எழுதிக்கங்க."

எழுதிக்கொண்டேன். எனக்கு உள்ளூர ஒரே சந்தோஷம். அன்று மாலையே, சுற்றுப்பயணத்தில் இருந்த ஆபீசருக்குக் கடிதம் எழுதினேன். மருந்துக்கும் மருந்தின்மைக்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிறது, மழைக்காலம் முடிவதற்குள் ஐயத்துக்கு இடமில்லாமல் நிரூபணமாகிவிடும் என்று. பத்து நாளில் பதில் வந்தது. என் எண்ணிக்கையை விஞ்ஞானிக்கு அனுப்பியாகிவிட்டது. மூன்று சோதனைகளில் என்னுடையதைக் கடைசியாக, ஒரு முழுக் காலைப்பொழுது ஒதுக்கி, அவர் பார்ப்பார். அப்படி ஒதுக்குவதற்கு அர்த்தம் என்ன என்று எங்கள் ஆபீஸ் குமாஸ்தாவே எனக்கு விளக்கினார். கப்பலில் வாந்தி வராமல் இருக்க எலுமிச்சங்காய் ஊறுகாய் கொண்டுபோக வேண்டும் என்றும் சொன்னார்.

கார்த்திகையில் எண்ணிக்கை நின்றுவிட்டது.

சிவப்பில் நின்றது சரி. வெள்ளையிலும் நின்றது. மழை நிற்கவில்லை. கால்வாய்க்கு அப்பால் இருந்த இன்னொருவர் கொடிக்காலில் தினமும் கொடிகளைத் தோண்டி வெளியே எறிந்துகொண்டிருந்தார்கள். எங்கள் கொடிக்காலில் இருபத்து நாலு வரிசையும் ஒரே பச்சை. வேடிக்கைக்காரர் வரிசையில் புதுத் தளிர்கூட விட்டிருந்தது.

நான் மண்ணைத் தோண்டிப் பார்த்தேன். பள்ளத்துத் தண்ணீரின் ஆழத்தைக் குச்சியால் அளந்தேன். சிவப்பு வரிசைக்கு ஊற்றிய மருந்து தண்ணீரில் கலந்து வெள்ளைக்குப் போயிருக்குமோ என்று யோசித்தேன். ஊற்றுகிற நாளிலும் மறுநாளும் பள்ளத்தை வற்றவைத்திருந்தோம், அதற்கு வழியில்லை. அடிமண்ணில் நீலம் தெரிகிறதா என்று பார்க்க முடியாது. ஊற்றிய மறுநாளே பள்ளத்துச் சேற்றை வாரி வரிசையில் அணைத்துவிடுவது அவர்கள் வழக்கம். நான் போகிறபோது எல்லா வரிசையும் ஒரே கறுப்பாகத்தான் இருக்கும்.

மார்கழி முழுவதும் நான் ஒரு காரியத்துக்காகக் காத்திருந்தேன். அதை இப்போது சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. அந்த வெள்ளை வரிசைகளில் கொடி சாக வேண்டும். மதுரை ரயிலடிக்குப் பின்னாலிருந்த என் மாடி அறையில், மழைச் சத்தம் கேட்டால் எழுந்து உட்கார்ந்துகொள்வேன். இன்று விழும் என்று நினைப்பேன். போய்ப் பார்ப்பேன். ஒன்றும் விழுந்திருக்காது. வேடிக்கைக்காரர் தம் வரிசையிலிருந்து நாலு இலை கிள்ளி, துண்டில் துடைத்து நீட்டுவார்.

"நம்ம வரிசை வெத்தல. போட்டுப் பாருங்க தம்பி."

வாங்கிப் போட்டுக்கொள்வேன். நல்ல வெற்றிலை.

தை பிறந்து பத்து நாளில் விஞ்ஞானி வந்தார். மதுரையிலிருந்து மோட்டாரில் ஆபீசரும் கூட வந்தார். வேலி வாசலில் முறைக்காரர், செருப்போடு உள்ளே போவதில்லை என்று என்னிடம் மெல்லச் சொன்னார். நான் தயங்கித் தயங்கி அதை இங்கிலீஷில் சொல்லி முடிப்பதற்குள் விஞ்ஞானி வரப்பில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார். ஆபீசர் தம்முடைய பூட்ஸைப் பார்த்தார். முழங்கால்வரை நாடா. "நீங்கள் பார்த்துவிட்டு வாருங்கள்," என்று வெளியே நின்றுகொண்டார்.

விஞ்ஞானியின் பாதங்கள் சேற்றில் இறங்கியபோது பங்குதாரர்கள் எல்லோரும் அவற்றையே பார்த்தார்கள்.

"சீட்டுப் போடாமயே வெள்ள," என்றார் வேடிக்கைக்காரர்.

"என்ன சொல்கிறார்?" என்று விஞ்ஞானி கேட்டார். உங்களை வரவேற்கிறார் என்றேன். அன்று நான் சொன்ன ஒரே பொய் அது.

அவர் வேலை செய்த விதத்தை நான் மறக்க மாட்டேன். துணிகளைப் பார்க்காமல் வரிசைகளின் மறுகோடிக்குப் போனார். எது எது என்று சொல்லாமல் என்னை நாலு வரிசைகளுக்குக் கூட்டிப்போகச் சொன்னார். ஒவ்வொன்றிலும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பேனாக்கத்தியால் அடிமண்ணைக் கீறி முகர்ந்து, இலையைத் திருப்பிப் பார்த்து, செத்த கொடி இருந்த இடங்களை எண்ணினார். கடைசியில் எழுந்து, "எது மருந்து போட்டது என்று என்னால் சொல்ல முடியவில்லை," என்றார்.

ஐப்பசி எண்ணிக்கையைக் காட்டினேன். பார்த்தார். முதல் மாதம் மட்டும் என்றால் எண்கள் சிறியவை என்றார். பிறகு வேடிக்கைக்காரரின் வரிசையில் நின்று கேட்டார். "இதில் யாராவது எதையாவது ஊற்றினார்களா?"

"இல்லை. இது மருந்தில்லாத வரிசை."

"அது உங்களுக்குத் தெரிந்தது. அவர்களைக் கேளுங்கள்."

இது வெறும் சம்பிரதாயம் என்று நினைத்துக்கொண்டு நான் முறைக்காரர் பக்கம் திரும்பினேன். "அண்ணே, வெள்ள வரிசைக்கு எதுவும் ஊத்தலேன்னு சொல்லுங்க. துரை கேக்கிறாரு."

"ஊத்தினோமே," என்றார் முறைக்காரர்.

"எத?"

"மருந்த. பொறகு எத?"

"எப்ப ஊத்தினீக?"

"ரெண்டாந்தடவையிலருந்து. நீங்க வண்டிக்குப் போனதும். நீங்க பார்த்த ரெண்டு வரிசை போக, மத்த செகப்புக்குப் பாதிக் கலயம், வெள்ளைக்குப் பாதிக் கலயம். கத்தி வச்சுப் பார்த்துத்தான் ஊத்தினோம், பயப்படாதீக."

அவர் குரலில் ஒளிவு இல்லை. நான் கேட்டிருந்தால் கார்த்திகையிலேயே சொல்லியிருப்பார் என்று தோன்றியது. அத்தனை மாதத்தில் நான் அந்தக் கேள்வியைக் கேட்கவேயில்லை.

விஞ்ஞானி என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த வேலிக்குள் இரண்டு பாஷையும் தெரிந்தவன் நான் ஒருவன்தான். ஆபீசர் வரப்பில் தூரத்தில் சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார். 'இல்லை என்கிறார்கள்' என்று நான் சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால், மருந்துக்கும் மருந்தின்மைக்கும் வித்தியாசமில்லை, மயில்துத்தம் வெற்றிலைக்குப் பயனற்றது என்று அவர் எழுதிக்கொள்வார். அதை யார் யாரோ படிப்பார்கள். உண்மையைச் சொன்னால், தன் சோதனையைத் தானே காவல் காக்கத் தெரியாதவன் என்று எழுதிக்கொள்வார். இரண்டிலும் எனக்குக் கப்பல் இல்லை. முறைக்காரர் சொன்னதை அப்படியே இங்கிலீஷில் சொன்னேன்.

"பாதி அளவா?" என்றார் அவர்.

"பாதி அளவு."

"பாதி அளவே நோயை நிறுத்தியிருக்கிறது." அதைக் குறித்துக்கொண்டார். "அப்படி இருக்கலாம். ஆனால் எதோடு ஒப்பிடுவீர்கள்?"

நான் வேலிக்கு அப்பால் கையைக் காட்டினேன். கால்வாய்க்கு மறுபுறம் அந்த இன்னொரு கொடிக்கால் தெரிந்தது. அகத்திகள் மட்டும் நின்றன. அவர் போய் வேலி ஓட்டையில் நின்று வெகுநேரம் பார்த்தார். அது வேறு மண், வேறு நடவு, வேறு தண்ணீர் என்றார். மென்மையாகத்தான் சொன்னார். நானே அதைத்தான் சொல்லியிருப்பேன். பிறகு, அவர்கள் ஊற்றுகிற நேரத்தில் நான் எங்கே இருந்தேன் என்று கேட்டார். ரயிலில் என்றேன். அதையும் குறித்துக்கொண்டார்.

வரப்பில் உட்கார்ந்து கால் கழுவிக்கொண்டிருந்தபோது முறைக்காரர் என்னிடம், "துரை என்ன சொல்லுறாரு?" என்று கேட்டார்.

"மருந்து நல்ல மருந்தா இருக்கலாங்கிறாரு."

"அதான் எங்களுக்கே தெரியுமே."

மோட்டார் போன பிறகு நான் பன்னிரண்டு பேரையும் பார்த்துக் கேட்டேன். கோபமாகக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். குரல் அப்படி வரவில்லை. "சீட்டுப் போட்டுத்தான பிரிச்சோம்? நீங்க ஒத்துக்கிட்டுத்தான போட்டோம்?"

"சீட்டு எந்த வரிசை யாருக்குங்கிறதுக்குத்தான் தம்பி," என்றார் முறைக்காரர். "தண்ணிக்கும் எருவுக்கும் ஏது சீட்டு? வேலி தாண்டி உள்ள வந்தது அம்புட்டும் எல்லா வரிசைக்கும் பொது. நடுறப்பவே தண்ணியத் தொட்டுச் சொல்லித்தான் நடுறோம். இந்த ஆளோட கொடி விழுது, நாங்க தாழிய வச்சுக்கிட்டுத் தாண்டித் தாண்டிப் போறோம். ஒரு தடவ போனோம். ரெண்டாந்தடவ கால் வரல."

வேடிக்கைக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நான் ஒருத்தர்ட்டயும் கேக்கல தம்பி. இலை கிள்ளிக்கிட்டிருந்தேன். வந்து ஊத்துனாக. வேணாம்னு சொல்ல வாய் வருமா?"

"என் வேலை போச்சுண்ணே."

"எந்த வேலை?" என்றார் முறைக்காரர்.

அப்போதுதான் சொன்னேன். சீமை, இரண்டு வருஷம், மூன்று பேரில் ஒருவன், பங்குனியோடு படி நிற்பது. முறைக்காரர் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

"மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா ஊத்தாம விட்டிருப்பீகளா?"

அவர் அந்தக் கேள்வியையும் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். "தெரியல," என்றார்.

இடம் பருத்திக்காரனுக்குக் கிடைத்தது. அவன் சோதனை குறையில்லாதது. நான் படித்துப் பார்த்திருக்கிறேன். வருஷாந்தர அறிக்கையில் என்னுடையதற்கு ஒரு வரி வந்தது: வெற்றிலை வாடல் சோதனை செல்லாததாயிற்று, முடிவு எதுவும் எடுக்க இயலவில்லை. இன்னும் ஒரு மழைக்காலம் மட்டும் கொடுங்கள், பாதி அளவையே சோதித்துக் காட்டுகிறேன், இந்தத் தடவை கொடிக்காலிலேயே படுத்துக்கிடக்கிறேன் என்று எழுதிக் கேட்டேன். பதில் வந்தது, திட்டம் முடிந்துவிட்டது என்று. பங்குனிக்குப் பிறகு அந்த வாரப் பத்திரிகையிலேயே புரூப் திருத்தச் சேர்ந்தேன். பிறகு நிருபர். அந்தத் தொழிலில்தான் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தேன்.

அடுத்த ஐப்பசியில் யுத்தம் வந்திருந்தது. ஒரு பகல், முறைக்காரரும் வேடிக்கைக்காரரும் அச்சகத்துக்கு என்னைத் தேடி வந்தார்கள். முறைக்காரரின் முறை அப்போது முடிந்து வேறு ஒருவர் கைக்குப் போயிருந்தது. ஆனாலும் மற்றவர்கள் அவரைத்தான் அனுப்பியிருந்தார்கள். கையில் ஈரச் சாக்கு ஒன்று.

"பன்னெண்டு பேரும் கூடிப் பேசிட்டோம்," என்றார் அவர், உட்காராமலே. "நீங்க எந்த வரிசைய விடச் சொல்றீகளோ அதத் தொட மாட்டோம். செத்தாலும் தொட மாட்டோம். இந்த வருசம் இலைய வரிசைக்கு வரிசை பிரிக்கப் போறதில்ல. அம்புட்டையும் ஒண்ணாக் கொட்டிப் பன்னெண்டு பங்கு. அப்ப செத்த வரிசை ஒருத்தன் வரிசை இல்லையில்ல?"

மருந்தில்லாத வரிசை தனி ஒருவனுடையதாக இல்லாமல் செய்துவிட்டால் ஊற்றாமல் இருப்பது யாருக்கும் பாரமில்லை. நான் படித்த எந்தப் புத்தகத்திலும் அது இல்லை. எனக்கும் தோன்றியதில்லை. ஆளுக்கு ஒரு சிவப்பும் ஒரு வெள்ளையும் விழும்படியாவது சீட்டுப் போட்டிருக்கலாமே என்று அந்த வருஷம் முழுவதும் யோசித்திருந்தேன். அதைத் தாண்டி என் புத்தி போகவில்லை.

"துரைக்கு ஒரு கடுதாசி போடுங்க," என்றார் வேடிக்கைக்காரர். "இந்தத் தடவ நாங்க சொன்னபடி இருப்போம்னு எழுதுங்க. அந்த எடத்த உங்களுக்குக் குடுக்கட்டும்."

அந்த இடத்தில் வேறொருவன் போய் ஒரு வருஷமாகப் போகிறது என்று சொன்னேன். "அது போகட்டும். மருந்து?" என்றார் முறைக்காரர். மயில்துத்தம் கப்பலில் வருகிற சரக்கு, யுத்தத்தினால் வரவில்லை, எனக்கு இப்போது ஆபீஸும் இல்லை என்றேன். ஆனாலும் அவர்களைக் கூட்டிக்கொண்டு கீழமாசி வீதிக் கடைகளில் ஏறி இறங்கினேன். ஒரு கடையில் உள்ளங்கையளவு இருந்தது. பன்னிரண்டு கொடிக்குக் காணாது. பழைய ஆபீசுக்கும் போனோம். ஆபீசர் நின்றபடியே பேசினார். என்னைப் பார்த்து அல்ல, அவர்கள் இருவரையும் பார்த்து, தாசில்தாருக்கு மனுக் கொடுங்கள் என்றார். மனுவை நான் அச்சகத்தில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். நன்றாகவே எழுதினேன்.

அதற்குப் பிறகுதான் முறைக்காரர் சாக்கைப் பிரித்தார். மேஜையில் கிடந்த வீணான புரூப் தாள்களைப் பரப்பி, அதன்மேல் அடியோடு பிடுங்கிய கொடியை வைத்தார். நான் நகத்தால் சுரண்டினேன். தோல் கழன்று வந்தது. அச்சுக் கோக்கிறவர்கள் வாடை தாங்காமல் திரும்பிப் பார்த்தார்கள்.

"அதுதானா?" என்றார் வேடிக்கைக்காரர். "நீங்க ஒரு தடவ பார்த்துட்டா நல்லதுன்னுதான் கொண்டாந்தோம்."

"அதுதான்."

"கொடிக்காலு இன்னும் எத்தன நாளு தாங்கும்?"

"எத்தனை வரிசையில இருக்கு?"

"ஒம்பதுல."

மழை எவ்வளவு பெய்கிறது என்பதைப் பொறுத்தது என்றேன். செத்த கொடியை மண்ணோடு தோண்டி வெளியே கொண்டுபோய் எரிக்க வேண்டும், பள்ளத்தில் தண்ணீரைக் குறைக்க வேண்டும் என்று சொன்னேன்.

"அதத்தான் செஞ்சுக்கிட்டிருக்கோம்," என்றார் முறைக்காரர்.